சடையனின் கால்கள்

திண்டிவனம்
4 மே 2025

வக்கீல் அரங்கநாதன் ஐயா அவர்களுக்கு,

"எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க" என்று சொல்லிவிட்டு நேற்று போனை வைத்துவிட்டீர்கள். இன்று கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை. என் நம்பரைத் தடுத்துவிட்டீர்கள் என்று என் மகன் சொன்னான். சரி, எழுத்திலேயே தருகிறேன். ஓவிய டீச்சர் என்றாலும் எழுதவும் வரும்.

ஆகஸ்டு கடைசியில் நீங்களும் உங்கள் நண்பர்களும் விழுப்புரத்தில் ஓவியக் கூடம் திறக்கிறீர்கள். அந்த அழைப்பிதழ் எங்கள் பள்ளிக்கும் வந்தது. முகப்பில் உங்கள் வீட்டு எண்ணெய் ஓவியம் இருக்கிறது, நல்லாம்பாறைக் கோட்டையை வெள்ளைக்காரக் கும்பினிப் படை முற்றுகையிட்ட படம். அதற்குக் கீழே இப்படி அச்சடித்திருக்கிறீர்கள்: "நல்லாம்பாறைக் கோட்டை வீழ்ந்த நாள். வலது ஓரத்தில், எதிரிக்குக் கதவைத் திறந்துவிடும் துரோகி சடையன்."

அந்தச் சடையன் எங்கள் ஆள். என் அம்மா குப்பம்மாள் பிறந்த வீட்டை நல்லாம்பாறையில் இன்றும் 'கதவு வீடு' என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் வேதத்தில் சேர்ந்து, கிறிஸ்தவர்களாகி, பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை. குழாயடிச் சண்டையில் கடைசியாக வந்து விழுவது "கதவு தொறந்த வம்சம்தானே நீ" என்பதுதான். ஆடித் திருவிழாவில் அம்மன் கோட்டை வாசலுக்குள் நுழையும்போது, எங்கள் வீட்டு ஆண் ஒருவன் முழங்கால்வரை சேறு பூசிக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். ஊர் முழுக்க உள்ளே போகும், எங்கள் தெரு மட்டும் வெளியே. அவன் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். என் தாத்தா நின்றார். இப்போது என் மாமா பெரியசாமி நிற்கிறார், அறுபது வயதில். கல்யாணமாகித் திண்டிவனம் வந்த என் அம்மா அதன் பிறகு அந்த ஊர் மண்ணை மிதிக்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். மாவட்டக் கலெக்டரே வந்தாலும் காலைக் கழுவாமல் உள்ளே விடமாட்டாள். சேறு என்றால் அவளுக்கு அப்படி ஒரு வெறுப்பு.

இதுவரை ஊருக்குள் வாய்ப்பேச்சாக இருந்ததை நீங்கள் அச்சடித்து, கண்ணாடி போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறீர்கள். என் வகுப்புப் பிள்ளைகளையே அழைத்துவரச் சொல்லியிருக்கிறீர்கள்! அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ச. அன்புச்செல்வி


விழுப்புரம்
9 மே 2025

திருமதி அன்புச்செல்வி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தொலைபேசியில் நான் குரலை உயர்த்தியதற்கு வருந்துகிறேன். தாங்களும் உயர்த்தினீர்கள் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

மேற்படி ஓவியம் எங்கள் குடும்பச் சொத்து. சண்டை நடந்து இரண்டு தலைமுறை கழித்து, ஏறத்தாழ 1860-இல், எங்கள் முன்னோர் ஒருவர் புதுச்சேரியிலிருந்து ஓவியரை வரவழைத்து வரையச் செய்தது. அதன் பொருளை எங்கள் வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லித்தான் வளர்க்கிறோம். நடுவில் பாறைமேல் கோட்டை. மதிலில் குதிரைமேல் இருப்பவர் எங்கள் முப்பாட்டன் தாண்டவராயன்; துரோகத்தைக் கண்டு கையை உயர்த்திச் சபிக்கிறார். கோட்டைக் கொடிமரம் வெறுமையாக இருக்கிறது, கொடி இறக்கப்பட்டுவிட்டது. பின்னால் கும்பினியாரின் வெள்ளைக் கூடாரங்கள். வலது கீழ் ஓரத்தில், இரண்டு கல்நிலைகளுக்கு நடுவே குறுக்குக் கட்டையை உருவிக் கதவைத் திறக்கிறான் சடையன். என் தாத்தா பிரம்பால் தொட்டுத் தொட்டுக் காட்டிய படம் இது.

தாங்கள் வரலாற்றைத் திருத்தச் சொல்கிறீர்கள். நடந்தது நடந்ததுதான். இன்று வாழும் யாரையும் புண்படுத்துவது எங்கள் நோக்கமல்ல. சடையன் செய்ததற்குத் தாங்கள் பொறுப்பல்ல; தாண்டவராயன் செய்த வீரத்துக்கு நானும் உரிமை கோரவில்லை.

ஒரு சலுகையாகச் சொல்கிறேன். அழைப்பிதழில் கட்டைவிரல் அளவுக்கு அச்சான படத்தைப் பார்த்து வாதாடுவது முறையல்ல. தாங்கள் ஓவிய ஆசிரியை என்பதால், விரும்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அசலைப் பார்க்கலாம். ஓவியர் பெரிய கைகாரர் அல்ல என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பீரங்கிச் சக்கரத்தை முழுதாக வரையக்கூடத் தெரியாதவர். எல்லாச் சக்கரமும் பாதிதான். சின்ன வயதில் நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

தங்கள்,
அரங்கநாதன்


திண்டிவனம்
20 மே 2025

வக்கீல் சாருக்கு,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். முதலில் உங்கள் மனைவி பாஞ்சாலி அக்காவுக்கு என் நன்றி. உரித்துத் தின்ன வேகவைத்த மல்லாட்டையும் மோரும் கொடுத்து, நீங்கள் கத்தும்போதெல்லாம் "அவுரு அப்பிடித்தாம்மா, கோர்ட்டுல கத்த உடறதில்ல, அதான் ஊட்டுல" என்று சொன்னார்களே, அதனால்தான் நான் பாதியில் எழுந்து போகாமல் இருந்தேன்.

நேரில் சொல்ல விடவில்லை, இப்போது சொல்கிறேன். உங்கள் ஓவியர் கைகாரர் அல்ல என்றீர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தாண்டவராயனின் குதிரைக் குளம்பைப் பார்த்தீர்களா? கல்லில் ஊன்றியது ஒன்று, தூக்கியது ஒன்று, இரண்டுக்கும் நிழல் வேறு. சடையனின் முன்கையில் நரம்பு எழுந்திருக்கிறது. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கை வரையச் சொல்லித் தருகிறேன். எனக்கே அந்தக் கை வராது. இப்படி ஒரு கையை வரைந்தவனுக்குச் சக்கரம் வராதா? சக்கரம் என்பது வட்டம், சார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை வரையும்.

ஆகவே அவன் பாதிச் சக்கரம் வரைந்தது தெரியாமல் இல்லை, பாதிதான் வெளியே தெரிந்தது என்பதால்தான். மீதி மண்ணுக்குள் இருக்கிறது. பீரங்கி இழுக்கும் மாடுகளைப் பாருங்கள். நாலு மாடும் கழுத்தை நீட்டி மூக்கைத் தூக்கியிருக்கின்றன. ஒருவன் வாலை முறுக்குகிறான். இரண்டு சிப்பாய்கள் சக்கரத்துக்குத் தோள் கொடுக்கிறார்கள். ஜெயித்துக் கோட்டைக்குள் போகிற படையா இது? சேற்றில் மாட்டிக்கொண்ட படை.

அடுத்தது. கோட்டை வாசல் எங்கே? இடது பக்கம், பாறைமேல், யாளி செதுக்கிய தோரணத்தோடு தெளிவாக வரைந்திருக்கிறான். அது மூடியிருக்கிறது. சடையன் நிற்பது வலது கோடியில், பள்ளத்தில். கேட்டதற்கு "அது ஆள் நுழையும் திட்டிவாசல்" என்றீர்கள். அதற்கு மேலே மதிலே இல்லையே, சார். வெறும் ஆகாயம் தெரிகிறது. மதில் இல்லாத இடத்தில் எதற்குக் கதவு?

அவன் கட்டையை உருவவும் இல்லை. குறுக்குக் கட்டையை உருவுகிறவன் பக்கவாட்டில் இழுப்பான். இவன் நிமிர்ந்து மேலே தூக்குகிறான், செங்குத்தாக நிற்கும் ஒரு கம்பை. இரண்டு கல்தூண், நடுவில் ஒரு கம்பு. நான் பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் ரோட்டோர ஏரியில் பாழாய்க் கிடக்கும் பழைய மதகு ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு கல்தூண், நடுவில் கம்பு போக ஓட்டை.

சத்தம் போட்டே சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

சடையன் கதவைத் திறக்கவில்லை. ஏரி மதகைத் திறக்கிறான். கோட்டைக்கு அடியில் ஏரி, ஏரிக்கரைக்குக் கீழே காய்ந்த வயலில் கும்பினிப் படை. பதில் போடுங்கள்.

அன்புச்செல்வி


விழுப்புரம்
27 மே 2025

டீச்சருக்கு,

தங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோதும் வந்தது. பாஞ்சாலி மூன்றாம் முறை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். பிறகு, "சின்ன வயசுலேர்ந்து சக்கரத்தைப் பாத்துச் சிரிச்சிக்கினு இருந்தீங்களே, இப்ப யாரு சிரிக்கறா பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தங்களை மறுப்பதற்காகத்தான் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு படத்தின் முன் நின்றேன். தங்கள் வாதத்தில் ஓட்டை இருந்தது. படை சேற்றில் மாட்டித் தவிக்கிறது என்றால், பின்னால் கூடாரங்கள் எப்படி அவ்வளவு ஒழுங்காக, வரிசையாக நிற்கும்? அந்த ஒரு கேள்வியே போதும் தங்கள் கட்சியைத் தோற்கடிக்க.

அவை கூடாரங்கள் அல்ல. அலகு இருக்கிறது.

கொக்குகள், டீச்சர். எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாகக் கூடாரம் என்று சொன்ன வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் கொக்குகள். எனக்கு நாற்பது காணி நஞ்சை இருக்கிறது. காய்ந்த வயலுக்கு முதல் தண்ணீர் விட்டால், புழுவும் பூச்சியும் மேலே வரும். எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கிவிடும். தண்ணீர் பாயாத வயலில் அப்படிக் கூட்டமாகக் கொக்கு இறங்காது. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருஷா வருஷம் வரப்பில் நின்று பார்க்கிறேன். வரப்பில் பார்த்ததை வீட்டுச் சுவரில் பார்க்கத் தெரியவில்லை.

ஆனாலும் ஒரு சந்தேகம் தீரவில்லை. இதைக் கேட்பது வீம்புக்காக அல்ல. சடையன் ஊரைக் காப்பாற்றியவன் என்றால், அவன் வம்சத்துக்குச் சேறு பூசி வெளியே நிறுத்தும் தண்டனை எப்படி வந்தது? நன்மை செய்தவனை ஊர் தண்டிக்குமா? இதற்குப் பதில் இல்லாத வரையில் வழக்கு நிரூபிக்கப்படவில்லை.

அரங்கநாதன்


திண்டிவனம்
3 ஜூன் 2025

வக்கீல் சாருக்கு,

உங்கள் கேள்வி என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளப் பிடிக்காமல்தான் கடிதம் போடாமல் இருந்தேன். நேற்று மாமா வந்திருந்தார். வழக்கம்போல வாளித் தண்ணீரில் காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார். அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்துக் கேட்டேன், "மாமா, அந்தச் சேறு எங்கேர்ந்து எடுப்பாங்க?"

"மதகடியிலேர்ந்துதான். வேற மண்ணு ஆவாது. ஒரு வருசம் ஏரி காஞ்சிப் போச்சின்னு கொளத்துச் சேத்த எடுத்தாந்தாங்க. பெருசுங்க ஒத்துக்கல. மதகடி மண்ணைத் தோண்டி எடுத்து, தண்ணி ஊத்திக் கொழைச்சிப் பூசினாங்க."

"யாரு பூசுவா?"

"இப்ப யாரோ கூலிக்காரன் எட்ட நின்னு வீசிட்டுப் போறான். மின்ன அப்பிடி இல்லியாம். பெரிய ஊட்டுத் தலைக்கட்டுதான் தன் கையால பூசணுமாம். எங்க தாத்தன் சொல்லிக்கினு இருப்பாரு."

நல்லாம்பாறையில் பெரிய வீடு என்றால் உங்கள் வீடு, சார். யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர் எங்கள் ஆளின் நிழல் பட்டாலே விலகிப் போவார். அவர் எல்லோர் முன்னிலையிலும் குனிந்து, எங்கள் ஆளின் காலைத் தன் கையால் தொட்டு, முழங்கால்வரை சேறு பூசுகிறார். தண்டனை கொடுக்கிறவன் அப்படிச் செய்வானா? தண்டிக்க வேண்டுமென்றால் மரத்தில் கட்டியிருப்பான். காலைத் தொடமாட்டான்.

கோட்டை வாசல் பாறைமேல் இருக்கிறது. கதவு திறந்தவன் காலில் சேறு ஏது? மதகு திறந்தவன் காலில்தான் மதகடிச் சேறு இருக்கும். அன்று சடையன் ஏரிக்குள்ளிருந்து எப்படி ஏறி வந்தானோ, அந்தக் கோலத்தில் அவன் வம்சத்து ஆளை நிறுத்தி மரியாதை செய்திருக்கிறார்கள். பிறகு யாரோ கதையைத் திருப்பிவிட்டார்கள். கதை திரும்பியதும் மரியாதை தண்டனையாகிவிட்டது. என் மாமாவிடம் இதைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது ஒரு பந்தயம். உங்கள் படத்தில் சடையனின் உடம்பு முழங்காலோடு முடிந்துவிடுகிறது. கீழே தேக்குச் சட்டகம் மறைக்கிறது. குளம்புக்கு நிழல் போட்டவன் ஒரு ஆளை முழங்காலோடு வெட்டி வரையமாட்டான். அந்தச் சட்டகம் பிறகு மாட்டியது, ஓவியத் துணி உள்ளே மடங்கியிருக்கும். கழற்றிப் பாருங்கள். முழங்கால்வரை சேறு இருக்கும். இல்லையென்றால், திறப்பு விழாவில் உங்கள் வாசகத்தை நானே மைக்கில் படிக்கிறேன், "துரோகி" உட்பட. இருந்தால், இந்த ஆடியில் நீங்கள் உங்கள் கையால் பூச வேண்டும்.

அன்புச்செல்வி


விழுப்புரம்
11 ஜூன் 2025

டீச்சருக்கு,

சட்டகத்தைக் கழற்ற இயலாது. துணி பழையது, கிழிந்துவிடும் என்று நண்பர்கள் கருதுகிறார்கள். வாசகத்தில் "துரோகி" என்ற சொல்லை நீக்கிவிடுகிறேன். "கதவைத் திறக்கும் சடையன்" என்று மட்டும் இருக்கட்டும். இத்துடன் இதை முடித்துக்கொள்வோம்.

அரங்கநாதன்


திண்டிவனம்
14 ஜூன் 2025

ஐயா,

துணி கிழிந்தால் தைக்க ஆள் இருக்கிறார்கள். உங்களுக்குப் பயம் துணியைப் பற்றி இல்லை. கொக்கைக் கொக்கு என்று சொன்ன ஆளிடம் கொஞ்சம் தைரியம் இருக்கும் என்று நினைத்தேன்.

என் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரமாட்டேன்.

அன்புச்செல்வி


விழுப்புரம்
2 ஜூலை 2025

அன்புச்செல்விக்கு,

முதலில் செய்தி. கழற்றிவிட்டேன்.

தங்கள் கடைசிக் கடிதத்தை நான் கிழித்துப் போட்டேன். பாஞ்சாலி பொறுக்கி ஒட்டினாள். ஒட்டிய கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் தினமும் வைத்தாள். ரசம் ஊற்றும்போது மட்டும் அதைக் கொஞ்சம் நகர்த்துவாள். இத்தனை வருஷ வக்கீல் தொழிலில் இப்படி ஒரு குறுக்கு விசாரணையை நான் பார்த்ததில்லை.

தாங்கள் சொன்னது சரி, பயம் துணியைப் பற்றி அல்ல. என் தாத்தா பிரம்பால் தொட்டுக் காட்டியது பொய்யாகிவிடுமே என்ற பயம். ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து பழைய ஓவியங்களைச் செப்பனிடும் பெண் ஒருவரை வரவழைத்தேன். அவர் ஆணி ஆணியாக எடுத்தார். நான் பக்கத்தில் நிற்க முடியாமல் தெருவுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். பாஞ்சாலிதான் கத்தினாள்: "ஏங்க! ஜல்தியா வாங்க! காலு வந்துடுச்சி!"

ஓடினேன். ஒரு சாண் அகலத்துக்குத் துணி மடங்கி இருந்தது. வெளிச்சம் படாததால் நேற்று வரைந்த மாதிரி வண்ணம். மதகுக் கல்லில் ஊன்றிய சடையனின் இரண்டு கால்கள். முழங்கால்வரை சேறு, டீச்சர். கருஞ்சேறு, அது வழிந்து கணுக்காலில் கட்டியாக நிற்கிறது. அவனைச் சுற்றி ஏரித் தண்ணீர், அல்லி இலை. மதகு வாயிலிருந்து நுரை தள்ளிக்கொண்டு போகிறது வெள்ளம், நேராகப் பீரங்கிகளை நோக்கி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஒரு ஏரியையே சட்டகத்துக்குள் மறைத்திருக்கிறார்கள்.

பந்தயத்தில் தாங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஆனால் தாங்கள் கேட்டது கீழ்ப்பக்கம் மட்டும். மேல் சட்டகத்தையும் எடுத்தார்கள். அங்கேயும் துணி மடங்கி இருந்தது. வெறுமையான கொடிமரம் என்றேனே, அதன் உச்சியில் கொடி பறக்கிறது. சிவப்புக் கொடி, முழுதாக விரிந்து. கோட்டை விழவே இல்லை! தாண்டவராயன் கையை உயர்த்தியது சபிக்க அல்ல. "திற" என்று சடையனுக்குச் சைகை காட்டியிருக்கிறார். இருவரும் சேர்ந்து ஜெயித்த சண்டை இது. என் முப்பாட்டன் தோற்றார் என்று நாலு தலைமுறையாக நாங்களே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

ஏன் என்று யோசித்தேன். சாட்சி இல்லை, என் ஊகம்தான். படம் வரைந்த பிறகு வெள்ளைக்காரன் பிடி இன்னும் இறுகிவிட்டது. நிலம் அவன் தயவில் இருந்தது. அவனை அடித்து விரட்டிய படத்தை வீட்டில் மாட்டிவைக்க என் முன்னோர் எவருக்கோ பயம் வந்திருக்கிறது. கொடியை மறைத்தார், வெள்ளத்தை மறைத்தார். ஜெயித்ததைத் தோற்றதாகச் சொன்னார். தோற்றது என்று சொன்னால் காரணம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். எதிர்த்துப் பேச முடியாத ஆளாகப் பார்த்துப் பிடித்தார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். எங்கள் வீட்டுப் புளுகு நூற்றைம்பது வருஷம் ஓடியிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதே சமயம், சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் கொடியைப் பார்த்து நான் சின்னப் பையன் மாதிரி கைதட்டினேன்.

ஆடித் திருவிழாவுக்கு வருகிறேன். என் கையால் பூசுகிறேன். பெரியசாமி அதற்குச் சம்மதிப்பாரா என்று கேட்டு எழுதுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த வழக்கத்தையே நிறுத்தச் சொல்லி ஊரில் பேசுகிறேன். முடிவு அவருடையது.

அரங்கநாதன்


திண்டிவனம்
9 ஜூலை 2025

அரங்கநாதன் சாருக்கு,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் ஓய்வறையில் நின்றுகொண்டே படித்தேன். "காலு வந்துடுச்சி" என்ற இடத்தில் நான் போட்ட கத்தலில் ஹெட்மாஸ்டர் ஓடி வந்துவிட்டார்.

மாமாவிடம் கேட்டேன். சேறே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று நான்தான் சொல்லிப் பார்த்தேன். நேற்றுவரை அவமானமாக இருந்ததை நாளைக்கு மரியாதை என்று பூசிக்கொள்ள என்னால் முடியாது. அவர் வேறு மாதிரி மனிதர். இப்படிச் சொன்னார்:

"பூசட்டும். ஆனா எட்ட நின்னு வீசக் கூடாது. குனிஞ்சி பூசணும். பூசறப்ப ஊரு கேக்கறாப்புல எங்க பாட்டன் பேரைச் சொல்லணும். இன்னொண்ணு, இத்தினி வருசம் ஊரே உள்ள போச்சி, நான் வெளிய நின்னேன். இந்த வருசம் நான் மின்ன போவேன். எம் பின்னாலதான் அம்மன் வரணும்."

மூன்று நிபந்தனை. ஊரில் சிலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், உங்களுக்கே தெரியும். இதில் ஒன்று குறைந்தாலும் அவர் வரமாட்டார். நானும் விடமாட்டேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு வாளித் தண்ணீரை மாற்றப் போய்விட்டாள். ஊருக்கு வரமாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

அன்புச்செல்வி


விழுப்புரம்
23 ஜூலை 2025

அன்புச்செல்விக்கு,

மூன்றுக்கும் சம்மதம். ஊர்க்கூட்டத்தில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருவர் "வக்கீலுக்கு மூளை பேஜாராயிடுச்சி" என்றார். படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டு போயிருந்தேன். கொக்கைக் காட்டினேன். விவசாயிகள் அல்லவா, கொக்கைப் பார்த்ததும் கூட்டம் அமைதியாகிவிட்டது. பின்வரிசையிலிருந்து வெள்ளையம்மாள் என்ற கிழவி எழுந்து, "கொக்கு பொய் சொல்லாதுப்பா" என்றார். அதற்கு மேல் நான் வாதாட வேண்டியிருக்கவில்லை.

கூடத்துக்கான புது வாசகத்தைத் தங்கள் பார்வைக்கு அனுப்புகிறேன்:

"நல்லாம்பாறை முற்றுகை. கோட்டை வீழவில்லை. தாண்டவராயனின் சைகை கண்டு ஏரி மதகைத் திறந்து, எதிரிப் படையைச் சேற்றில் நிறுத்துகிறான் சடையன்."

திருத்தம் இருந்தால் எழுதுங்கள். திருவிழாவில் பார்ப்போம்.

அரங்கநாதன்


திண்டிவனம்
10 ஆகஸ்டு 2025

அரங்கநாதன் அண்ணனுக்கு,

வாசகத்தில் ஒரே ஒரு திருத்தம். முதல் கடிதத்தில் தாண்டவராயன் 'சபிக்கிறார்', சடையன் 'திறக்கிறான்' என்று எழுதினீர்கள். புது வாசகத்திலும் கடைசியில் "நிறுத்துகிறான்" என்றே வருகிறது. "நிறுத்துகிறார்" என்று மாற்றுங்கள். மற்றபடி அப்படியே இருக்கட்டும். என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், பஸ் பேசியாகிவிட்டது.

திருவிழாவில் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டி, மதகடியில் இறங்கி, நீங்களே சேறு அள்ளிக்கொண்டு வந்ததை ஊரே பார்த்தது. குனிந்தபோது உங்கள் மூக்குக் கண்ணாடி சேற்றுப் பானைக்குள் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. "சடையன் வம்சத்துக்கு" என்று நீங்கள் சொன்னது முதல் தடவை எங்களுக்கே கேட்கவில்லை. மாமா, "சத்தமா, வக்கீலே" என்றார். அப்போது நீங்கள் போட்ட சத்தம் கோட்டைப் பாறையில் மோதித் திரும்பி வந்தது. கோர்ட்டில் விடவில்லை என்றால் என்ன, அன்று விட்டார்கள்!

மாமா வாசலுக்குள் முதல் அடி வைத்தபோது பறையின் அடி மாறியது, கவனித்தீர்களா? அது யாரும் சொல்லி அடித்தது இல்லை. எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அவர் பின்னால் உள்ளே போனோம். அவ்வளவு காலம் வெளியிலிருந்தே பார்த்த வாசலின் உள்பக்கத்தை நான் அன்றுதான் பார்த்தேன். அங்கேயும் யாளி செதுக்கியிருக்கிறது, அண்ணா. எனக்கு அதைப் பார்த்ததும் கர்வமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நீங்கள் விழுப்புரம் போன பிறகு நடந்ததுதான் இந்தக் கடிதம் எழுதக் காரணம். மாமா காலைக் கழுவவில்லை. "மொதல்ல அக்காவுக்குக் காட்டணும்" என்று அப்படியே திண்டிவனம் பஸ்ஸில் ஏறிவிட்டார். நானும் கூடவே ஏறினேன். கண்டக்டர், "பெரியவரே, சீட்டெல்லாம் சேறாவுது, தொடைச்சிக்கினு ஏறக் கூடாதா?" என்றார். மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பெரிய ஊட்டு வக்கீலு குனிஞ்சி பூசினது தம்பி. நான் வேணா நின்னுக்கினு வர்றேன். தொடைக்க மாட்டேன்" என்று சொல்லி, திண்டிவனம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். உட்கார இடம் இருந்தது.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். வாளித் தண்ணீர் பக்கத்தில் இருந்தது. மாமா பழக்கத்தில் செம்பை எடுத்தார். அம்மா அவர் காலையே பார்த்தாள். காய்ந்து வெடித்த சேறு, முழங்கால்வரை. சின்ன வயதில் தன் அப்பா காலில் பார்த்துவிட்டு ஓடி ஒளிந்த அதே சேறு.

அம்மா மாமா கையிலிருந்த செம்பைப் பிடுங்கினாள்.

"காலக் கழுவாதடா பெரியசாமி. அப்பிடியே உள்ள வா."

அவர் நடந்து போய் நடுக்கூடத்தில் உட்கார்ந்தார். வாசலிலிருந்து கூடம்வரை தரையெங்கும் கால்தடம். எங்கள் வீட்டுத் தரையில் சேறு பட்டு நான் பார்த்தது அன்றுதான். இதை எழுதும்போதும் அது அங்கேயே இருக்கிறது. காலையில் நான் துடைக்கப் போனேன். அம்மா துணியைப் பிடுங்கிக்கொண்டு, "நாலு பேரு வந்து பாக்கட்டும்டி" என்கிறாள்.

தங்கை,
அன்புச்செல்வி